சுங்கத்தில் நிற்கும் ஃபில்டர் டப்பா

1

நேராகவே கேட்கிறேன். ஒரு வருடமாகப் பேசாத நண்பனுக்கு போன் போட்டு, "மச்சான், நான் கொடுத்த பிளாஸ்டிக் டப்பாவைத் திருப்பிக் கொடு" என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் நீங்கள் நல்ல வாழ்க்கை வாழ்கிறீர்கள். அப்படியே இருங்கள். பாரிஸ் பக்கம் வராதீர்கள்.

நான் வந்து ஐந்து வருடம் ஆகிறது. புதுச்சேரியில் இஞ்சினியரிங் முடித்தேன், அப்பாவிடம் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது, குடும்பத்தோடு மூட்டை கட்டினோம். ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். "அவனுக்கென்ன, நேஷனாலிட்டி வீடு, பிரான்ஸ்ல கார்ல சுத்துறான்." ஆமாம், சுற்றுகிறேன். அந்தக் கார்தான் இப்போது பிரச்சினை.

இங்கே பழைய கார்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு. கோந்த்ரோல் தெக்னிக் என்பார்கள். நம் ஊர் எஃப்.சி. மாதிரிதான். ஆனால் "பாத்துப் பண்ணிக்கலாம் சார்" என்று சொல்ல வெளியே ஒரு ஆள் நிற்கமாட்டான். நேரம் குறித்துக்கொண்டு போக வேண்டும். குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் தாமதமாகப் போனால் அடுத்த நேரம் மூன்று வாரம் கழித்து.

தங்கை நிலாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வயது பதின்மூன்று. வரும்போது எட்டு. அவளுடைய பிரெஞ்சு இந்த ஊரில் பிறந்த பிரெஞ்சு. என்னுடையது வேலைக்கும் கடைக்கும் போதும், சண்டைக்குப் போதாது.

பரிசோதகர் பானெட்டைத் திறந்தார். கறுப்பு டப்பா இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பாக ஒரு கூம்பு ஃபில்டர், மூடி இல்லாமல், திறந்தபடி. நான் மாட்டியது. சாம்பாரில் விழுந்த பல்லியைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார். பிறகு இரண்டு நிமிடம் மூச்சு விடாமல் பேசினார்.

"என்னடி சொல்றாரு?"

"இது ஒரிஜினல் இல்லையாம். சத்தம் ஜாஸ்தியாம். மாத்தினதுக்கு பேப்பர் இருக்கான்னு கேக்கறாரு."

"ஏர் ஃபில்டருக்கு எதுக்குடி பேப்பர்? கேளு அவர."

நிலா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அத நான் கேக்க மாட்டேன். எனக்கு வெட்கமா இருக்கு" என்று பிரெஞ்சில் சொன்னாள். பரிசோதகருக்கும் புரிகிற மாதிரி. அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

கையில் ஒரு தாள் கொடுத்தார். இரண்டு மாதத்துக்குள் கம்பெனி டப்பாவைத் திரும்ப மாட்டி மறுபரிசோதனைக்கு வர வேண்டும். வராவிட்டால் வண்டி சாலையில் போகக் கூடாது.

என் வேலை விமான நிலையச் சரக்குக் கிடங்கில். ஷிஃப்ட் விடியற்காலை நாலரைக்கு ஆரம்பம். அந்த நேரத்துக்கு எங்கள் பேட்டையிலிருந்து ரயிலும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. கார் இல்லையென்றால் வேலை இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

2

கார் விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு நிமிடம்.

என்னுடையது இருபது வருடப் பழைய ஜெர்மன் கார். அதில் சூப்பர்சார்ஜர் உண்டு. இஞ்சினின் பெல்ட்டிலேயே சுற்றி, காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிற பம்ப் அது. அந்தப் பம்ப் மூச்சு இழுக்கிற வழியில் ஒரு கறுப்பு டப்பா, டப்பாவுக்குள் காகித ஃபில்டர். ஃபில்டர் தூசியைத் தடுக்கும், டப்பா பம்ப்பின் ஊளையை அமுக்கும். எங்களைப் போன்ற பையன்களுக்கு அந்த ஊளைதான் வேண்டும். டப்பாவைக் கழற்றிப் போட்டுவிட்டுத் துணியால் ஆன கூம்பு ஃபில்டரைத் திறந்தபடி மாட்டினால், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வண்டி விமானம் மாதிரி ஊளையிடும். பவரும் கூடும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். உண்மையில் திறந்த ஃபில்டர் இஞ்சினின் சூட்டுக் காற்றைத்தான் இழுக்கிறது. வெயில் ஊரில் பவர் குறையத்தான் செய்யும். இதைப் பிறகு தெரிந்துகொண்டேன். நான் எல்லாவற்றையும் பிறகுதான் தெரிந்துகொள்கிறேன்.

இந்த மாடலை நான் வாங்கியதே வேலுவால். வேலுவும் நானும் ஒரே காலேஜ், ஒரே பெஞ்ச், ஒரே அரியர். அவனுக்கு ரெட்டியார்பாளையத்தில் ஒரு ஷெட், கார் ரிப்பேர். ஒரு காலத்தில் வரி குறைவு என்று வெளியூர்ப் பணக்காரர்கள் வரிசை கட்டி வந்து நம் ஊர் நம்பரில் பெரிய கார்களைப் பதிவு செய்தார்களே, அதில் ஒன்று நாலு கை மாறி, செத்த நிலையில் வேலுவிடம் வந்தது. ஒரு வருடம் உழைத்து உயிர் கொடுத்தான். நான் இங்கே அதே மாடலைத் தேடி வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ காலில் அவன் பானெட்டும் திறந்திருக்கும், என் பானெட்டும் திறந்திருக்கும். அந்த ஒரு மணி நேரம் நான் புதுச்சேரியில்தான் இருந்தேன்.

இதெல்லாம் போன வருட ஆயுத பூஜை வரைக்கும்.

3

டப்பா ஒன்று இங்கேயே வாங்கலாமே என்பீர்கள். எனக்கும் தோன்றியது, நன்றி.

கம்பெனி ஷோரூமில் ஒரு அம்மா கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் தட்டிவிட்டு, சூப்பர்சார்ஜர் வைத்த இஞ்சினுக்கு டப்பா தனி, அது இப்போது தயாரிப்பில் இல்லை என்றார். பழைய வண்டிகளை உடைக்கிற இடத்துக்கு எழுதினேன். வண்டியின் பதிவுச் சான்றை அனுப்பு என்றார்கள். அனுப்பினேன். முகவரிச் சான்று என்றார்கள். ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்கு என் கரண்ட் பில் எதற்கு? அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து பதில் வந்தது. "மதிப்பிற்குரிய ஐயா" என்று ஆரம்பித்து, பத்து வரி மரியாதையாகப் பேசி, பதினோராவது வரியில் "இல்லை" என்றது. நம் ஊரில் "இல்லப்பா, போ" என்று ஒரே நொடியில் முடிந்திருக்கும்.

என் சொந்த டப்பா எங்கே என்று கேட்கிறீர்களா? அது வேலுவிடம் இருக்கிறது. அது எப்படி அங்கே போனது என்பதுதான் கதை.

4

போன வருடம் ஆயுத பூஜைக்கு இரண்டு வார லீவில் ஊருக்குப் போனேன். சூட்கேஸில் வேலுவுக்கு ஒரு சிவப்புக் கூம்பு ஃபில்டர். என் வண்டியில் அதே மாதிரி ஒன்றை மாட்டி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு மாத அனுபவத்தில் நான் நிபுணன்.

வேலு ஸ்க்ரூ டிரைவர் தேடிக்கொண்டிருந்தான். நான் பொறுக்காமல் அவன் வண்டியின் டப்பாவைக் கையாலேயே இழுத்தேன். இருபது வருடச் சூட்டில் வெந்த பிளாஸ்டிக். பிஸ்கட் மாதிரி உடைந்தது.

"டேய், இன்னாத்தடா ஒடச்ச?"

"வுடு மச்சான், இனிமே அது குப்பைக்குத்தான்."

கூம்பை மாட்டி விழுப்புரம் ரோட்டில் ஒரு ரவுண்டு போனோம். வண்டி ஊளையிட்டது. டீக்கடையில் நின்றவர்கள் மொத்தமாகத் திரும்பினார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வேலு சிரித்த சிரிப்பை நான் போனில் எடுத்து வைத்திருக்கிறேன். இப்போது பார்ப்பதில்லை.

அந்த வாரம் அவனுக்கு முக்கியமான வாரம். விழுப்புரத்திலிருந்து ஒரு டாக்டர், இதே மாடல் கார் வைத்திருப்பவர், பூஜைக்கு மறுநாள் வருவதாக இருந்தது. வேலுவின் வண்டியை ஓட்டிப் பார்த்துப் பிடித்திருந்தால் தன் காரையும் தம்பிகளின் இரண்டு காரையும் அவனிடமே விடுவதாகச் சொல்லியிருந்தார். அந்த மூன்று கார் வந்தால் ஷெட் நிற்கும். இல்லையென்றால் ஷெட் ஓனர் அதை சிமெண்ட் குடோனுக்குக் கொடுத்துவிடுவார்.

பூஜை அன்றைக்கு ஸ்பேனர்களையெல்லாம் கழுவித் துணியில் பரப்பி, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை வைத்து, வேலு வேட்டியில் நின்றான். ஜாக்கிக்கு ஒரு பொட்டு, கம்ப்ரெஸருக்கு ஒரு பொட்டு என்று வைத்துக்கொண்டே வந்தவன், பானெட்டைத் திறந்து அந்தச் சிவப்பு ஃபில்டர் மேல் சந்தனத்தைத் தடவி, குங்குமத்தை உள்ளங்கை நிறைய எடுத்து அப்பினான்.

"டேய்! இன்னாடா பண்ற?"

"பொட்டு வைக்கிறேன்."

"ஃபில்டர் மேலயா? அது தூசியத் தடுக்க வச்சிருக்கறதுடா. நீ தூசிய எடுத்து அது மேலயே பூசுற!"

வேலு நிமிர்ந்தான். "இது தூசியாடா?"

"இஞ்சினுக்கு எல்லாம் தூசிதான். அங்கலாம் இப்படிப் பண்ண மாட்டாங்க."

அந்த "அங்க" என்ற வார்த்தையை இரண்டு வாரத்தில் எத்தனை முறை சொன்னேன் என்று நினைத்தால் இப்போது என்னையே அறைய வேண்டும்போல இருக்கிறது.

பூஜையில் வைத்த சாமானை மறுநாள் வரை தொடக்கூடாது என்பது ஷெட் வழக்கம். அவன் பூசணிக்காய் சுற்றி உடைக்க வாசலுக்குப் போன நேரத்தில் நான் ஃபில்டரைக் கழற்றினேன். ஷாம்பு போட்டுக் கழுவினேன். கழுவியது காய வேண்டும். ஐப்பசி நெருங்குகிற புதுச்சேரியில் கைக்குட்டையே காயாது, ஃபில்டர் எப்படிக் காயும்? காலையில் டாக்டர் வருகிறார். ஈரம் முழுசாகப் போகாத ஃபில்டருக்கு எண்ணெய் விட்டேன். அந்தத் துணி ஃபில்டருக்கு மெல்லிசாக எண்ணெய் விட வேண்டும், தூசி ஒட்டிக்கொள்வதற்கு. மெல்லிசாக என்றுதான் பாட்டிலில் போட்டிருந்தது. நான் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு அம்மா தலையில் வைப்பாளே, நெற்றி வழிய வழிய, அப்படி வைத்தேன்.

டாக்டர் வந்தார். தன் காரை ஷெட்டில் விட்டுவிட்டு வேலுவின் வண்டியை எடுத்தார். பக்கத்தில் வேலு, பின்னால் நான். மூலக்குளம் தாண்டும்வரை ஊளை பிரமாதமாக இருந்தது. பிறகு வண்டி இருமியது. சூப்பர்சார்ஜர் இழுத்த இழுப்பில் ஃபில்டரின் எண்ணெய் கிளம்பிப் போய், உள்ளே வரும் காற்றை அளக்கிற சென்சாரின் கம்பியில் படிந்துவிட்டது. எவ்வளவு காற்று வருகிறது என்று தெரியாமல் இஞ்சின் தடுமாறியது. பஸ் ஸ்டாப்புக்கு நேராக நின்றே விட்டது. பின்னால் பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்.

டாக்டர் நல்ல மனிதர். "பாத்துக்கலாம் தம்பி" என்று வேலுவின் தோளில் தட்டிவிட்டு, ஆட்டோ பிடித்து ஷெட்டுக்குப் போய், தன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாங்கள் வண்டியைத் தள்ளினோம். அரை கிலோமீட்டர் தள்ளியதும் வேலு நின்று மூச்சு வாங்கினான். பிறகு சொன்னான்:

"நீ ரெண்டு வாரம் லீவுல வந்து சீன் போட்டுட்டு ஃப்ளைட் ஏறிப் பூடுவ. நான் இந்த ரோட்லதான்டா நாளைக்கும் நிக்கணும்."

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. "குங்குமம் வச்சது நீதான?" என்றேன். கழுவியது நான், எண்ணெய் விட்டது நான். ஆனால் இப்படிச் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவன் என்னிடம் பேசவில்லை. பாரிஸ் திரும்பியதும் என் பால்கனியில் கிடந்த சொந்த டப்பாவைத் துடைத்து, ஊருக்குப் போன அத்தையின் சூட்கேஸில் வைத்து அனுப்பினேன். உடைத்ததற்குப் பதில் இது. கடிதம் இல்லை, மன்னிப்பு இல்லை, டப்பா மட்டும். "வந்துச்சு" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டான். அதோடு ஞாயிற்றுக்கிழமைகள் முடிந்தன.

5

பரிசோதனைத் தாளை ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டி, போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாதான் எரிச்சலாகிவிட்டாள்.

"அந்தத் தாளையே பாத்துனு இருந்தா வண்டி ஓடுமா? போன் பண்ணு அந்தப் பிள்ளைக்கு."

"எப்படிமா கேக்கறது? குடுத்தத திருப்பிக் கேக்கணும்."

"ஒடச்சப்ப வெக்கப்படல, இப்ப வந்துடுச்சா?"

போன் போட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தான்.

"சொல்லுடா பாரிஸு."

"எப்டிறா இருக்க?"

"ஒரு வருசம் கழிச்சி இத்த கேக்கவா போன் பண்ண? மேட்டருக்கு வா."

"மச்சான், அந்த டப்பா..."

"எந்த டப்பா?"

தெரிந்துகொண்டே கேட்கிறான். என் வாயால் வர வேண்டுமாம்.

"ஃபில்டர் டப்பாடா. நான் அனுப்பிச்சது. இங்க டெஸ்ட்ல ஃபெயில் பண்ணிட்டானுங்க. அது இல்லன்னா வண்டிய எடுக்க முடியாது, வேலை பூடும். உன் வண்டில மாட்டியிருப்ப, கழட்டுனா உன் வண்டி நிக்கும், தெரியுது. இருந்தாலும்..."

"உன் டப்பாவ எவன்டா மாட்டுனான்?"

வீடியோவுக்கு மாறினான். பானெட்டைத் திறந்து காட்டினான். உள்ளே அவனுடைய பழைய டப்பா. நான் உடைத்த அதே டப்பா. விரிசல் முழுக்கத் தடித்த வெள்ளை ஒட்டு, ஓரத்தில் நீலப் பெயிண்ட்.

"தேங்காய்த்திட்டு ஹார்பர்ல மீன்பிடி ஃபைபர் போட்டுங்களுக்கு ஓட்டை அடைக்கறாங்க இல்ல, அவங்க கையில குடுத்தேன். நீ ஃப்ளைட் ஏறுன மறுநாளே. அலை அடிச்சே பிரியாத ஒட்டுடா இது. நீ இழுத்தா பிரியுமா?"

"டாக்டரு?"

"பதினஞ்சி நாள் கழிச்சி நானே விழுப்புரம் போயி கூட்டியாந்தேன். சென்சார மாத்தி, டப்பாவ மாட்டி, சத்தமே இல்லாம ஓட்டிக் காமிச்சேன். சத்தம் இல்லாததுதான் அவருக்குப் புடிச்சிது. இப்ப மூணு வண்டியும் நம்ம கிட்டதான் வருது."

"அப்ப என் டப்பா?"

கேமராவை மேலே திருப்பினான். சாமி படங்களுக்குக் கீழே பலகையில், அத்தை சுற்றிக் கொடுத்த அதே பிளாஸ்டிக் கவரில், பிரிக்காமல் இருந்தது.

"ஒரு வருசமா சும்மா எதுக்குடா வச்சிருந்த?"

"எப்பனா திருப்பிக் கேப்பன்னு தெரியும். கேக்கும்போது வேற எதுனா வாயில வருதான்னு பாக்கலாம்னு வச்சேன்."

"ஸாரிடா."

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்."

"எல்லாத்துக்கும்னா எதுக்கும் இல்லன்னு அர்த்தம். வுடு. பார்சல் போடுறேன். பூஜை முடிஞ்சி."

"டேய், பூஜைக்கு இன்னும் ஒம்போது நாள் இருக்கு! எனக்கு டைம் இல்லடா!"

"கடை சாமான் எதுவும் பூஜைக்கு முன்ன வெளிய போவாது. ஒரு வருசம் இங்க இருந்துச்சில்ல, அதுவும் கடை சாமான்தான்."

வைத்துவிட்டான். போனைச் சுவரில் அடிக்கலாமா என்று பார்த்தேன். புது போன், அடிக்கவில்லை.

6

பூஜை அன்றைக்கு ஒரு படம் அனுப்பினான். பரப்பி வைத்த ஸ்பேனர்களுக்கு நடுவில் என் டப்பா, வாயைத் திறந்தபடி. உள்ளேயும் வெளியேயும் சந்தனம், அதன்மேல் உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம். வேண்டுமென்றேதான் அவ்வளவு பெரிதாக வைத்திருக்கிறான், எனக்குத் தெரியும். "கழுவிட்டு அனுப்புடா" என்று டைப் செய்தேன். அழித்துவிட்டு ஒரு கட்டை விரலை அனுப்பினேன்.

பார்சல் கிளம்பியது. கடல் தாண்டியது. பிரெஞ்சுச் சுங்கத்தில் நின்றது. ஒரு நாள் காலையில் கடிதம் வந்தது. பழைய வாகன உதிரிபாகம் ஒன்று, சரி. ஆனால் அதன் உட்புறத்தில் அடையாளம் தெரியாத சிவப்புத் தூள் காணப்படுகிறது. அது என்ன, எதற்கு என்பதை எழுத்து மூலம் விளக்கவும். "மதிப்பிற்குரிய ஐயா" வேறு.

நிலாவைக் கூப்பிட்டேன். கடிதத்தைப் படித்துவிட்டு லேப்டாப்பில் ஒரே ஒரு வரி தட்டி என் பக்கம் திருப்பினாள்.

"முடிஞ்சுது. தூசின்னு எழுதிட்டேன். பழைய கார் சாமான், தூசி இருக்கும். ரெண்டு நாள்ல விட்டுடுவாங்க."

அவள் சொன்னது சரிதான். அனுப்பு என்கிற பொத்தான் மேலே என் விரல் இருந்தது.

"தூசி இல்லடி."

"பின்ன?"

"குங்குமம்."

"அது என்னன்னு அவங்களுக்குத் தெரியாது அண்ணா. ஃபில்டர் டப்பால எதுக்கு வச்சீங்கன்னு கேப்பாங்க. எதுக்கு? நீ சொல்லு, நான் எழுதறேன்."

"வண்டி நல்லா ஓடணும்னு."

"அத வச்சா எப்படி நல்லா ஓடும்?"

இஞ்சினியரிங் படித்தவன் வாயைத் திறந்தேன்.

"அது... வேலு வச்சான். அவன் கடையில எல்லாத்துக்கும் வைப்பான். வைக்காம எதையும் வெளிய விடமாட்டான்."

"இப்படி எழுதினா இன்னும் நாலு கடிதம் வரும். டைம் இல்லன்னு நீதான கத்தின?"

"தள்ளு."

லேப்டாப்பை இழுத்து, "தூசி" என்பதை அழித்தேன். குங்குமம் என்று பிரெஞ்சு எழுத்தில் ஒவ்வொன்றாகத் தட்டினேன். அதற்குக் கீழே எந்த ஊர், எந்தக் கடை, எந்தப் பூஜை, வைத்தவன் பெயர் என்ன, அவன் எனக்கு என்ன வேண்டும் என்று பதினொரு வரி. நிலா ஏழு பிழை திருத்தினாள், ஒவ்வொரு பிழைக்கும் ஒரு பெருமூச்சு. அனுப்புவதற்கு முன் அந்தப் பதினொரு வரியைப் படம் எடுத்து வேலுவுக்கும் போட்டேன். பிரெஞ்சு அவனுக்குத் தெரியாது. நடுவில் இருக்கிற அவன் பெயர் தெரியும்.

சுங்கத்திலிருந்து இன்னும் பதில் இல்லை. மறுபரிசோதனைக்குப் பதினொரு நாள் இருக்கிறது.